சங்கத்தின் பழைய பிக்கப் வண்டி: உயர்த்துதலும் டயர் அளவும்

நெசவாளர் சங்கங்கள் பலவும் விளைவிப்போர் சங்கங்கள் சிலவும் சொந்தமாகப் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கின்றன. நூல் மூட்டையைத் தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதும், வாழைத்தாரைத் தோட்டத்திலிருந்து சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் அதன் வேலை. வண்டிக்குப் பத்து வயது கடந்ததும் நிர்வாகக் குழுவின் முன் ஒரு முறையீடு தவறாமல் வருகிறது. வண்டி தாழ்ந்துவிட்டது, தோட்டப் பாதையில் அடி இடிக்கிறது, ஆகவே வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட வேண்டும் என்பதே அது. செலவாவது பொதுப்பணம். ஆதலின் இவ்விரு காரியங்களும் எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டா என்பதை அங்கத்தினர்கள் தெரிந்துகொண்டு தீர்மானம் செய்வது நலம்.

முதலில், இடிப்பது எது என்று பார்க்க வேண்டும். பிக்கப் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது பின் அச்சின் நடுவே பருத்துத் தொங்கும் டிபரன்ஷியல் கூடு. இக்கூடு வில் பட்டைகளுக்கு மேலே இல்லை. சக்கரங்களோடு சேர்ந்து அச்சிலேயே இருக்கிறது. பட்டையை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் மேலெழுவது சட்டமும் தொட்டியும் மட்டுமே. கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டித் தடத்தின் நடுமேட்டில் கூடு இடிக்கிறது என்பதற்காகப் பட்டையை 3 அங்குலம் உயர்த்திய சங்கம் ஒன்றை நான் அறிவேன். பணம் செலவாயிற்று, இடிப்பது நிற்கவில்லை. அந்த நடுமேட்டை மண்வெட்டியால் செதுக்கிவிட இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை போதுமாயிருந்தது.

கூட்டை உயர்த்துவது டயர் ஒன்றே. அதுவும் பலர் எண்ணுமளவுக்கு அன்று. டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருந்தால், 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவர் 161 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு; ரிம் 381 மி.மீ. மொத்த விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ. இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733 மி.மீ. ஆகிறது. வேறுபாடு 30 மி.மீ.; அச்சு உயர்வது அதில் பாதியாகிய 15 மி.மீ. மட்டுமே. நான்கு புது டயர்களின் விலை கொடுத்து நாம் பெறும் உயரம் ஒரு விரற்கடை கூட இல்லை.

இனி வண்டி உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறதா என்பதைக் கவனிப்போம். சுமை இறக்கிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இடமும் வலமும் ஒவ்வாமல் இருந்தாலோ, சுமையில்லாதபோதே பின் பட்டைகள் வளைவின்றித் தட்டையாகக் கிடந்தாலோ, பட்டைகள் தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய பாரமும், தேய்ந்த ரப்பர் புஷ்களும், உள்ளே முறிந்து வெளியே தெரியாத ஒரு பட்டையும் இதற்குக் காரணமாகும். இத்தகைய வண்டிக்கு வேண்டுவது உயர்த்துதல் அன்று. பழைய உயரத்தை மீட்டல். புதிய பட்டைக்கட்டும் புஷ்களும் போடுவதே அதற்குச் சரியான வழி. பட்டறையில் பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துக் கொடுப்பது மலிவுதான். ஆனால் காய்ச்சியபின் முறைப்படி பதம் ஏற்றாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் தட்டையாகிவிடும்.

தொழிற்சாலை வைத்த உயரத்துக்கும் மேலே ஏற்ற வேண்டும் என்போர் கையாளும் வழிகள் சில உண்டு. நீளமான ஷேக்கிள் போடுவது ஒன்று. பட்டையின் ஒரு முனையையே ஷேக்கிள் தாங்குவதால், அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலமே உயரும்; அச்சும் சற்றுத் திரும்பி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டு கோணம் மாறி அதிர்வு தோன்றும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது மற்றொன்று. கட்டைமேல் கட்டை அடுக்குவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது. கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் பாரம் ஏற்றும்போது தாழ்வது குறையும். வெறும் வண்டியாகத் திரும்புகையில் பின்புறம் துள்ளி, மழைத் தரையில் பிரேக் பிடித்ததும் சறுக்கும். பட்டை சேர்த்ததனால் வண்டி சுமக்கத்தக்க பாரம் கூடிவிடாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எடையே எடை.

பட்டறைக்காரர் பெரும்பாலும் எடுத்துச் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பி செல்கிறது. அது ஒரு வால்வை இயக்குகிறது. பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். சட்டம் உயர்ந்திருந்தால் வண்டி காலியென்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். பட்டையை உயர்த்தி இக்கம்பியைத் திருத்தி அமைக்காமல் விட்டால், முழுப்பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதும் வண்டி காலியென்றே அவ்வால்வு நடந்துகொள்ளும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். வேண்டிய பிடிப்பு கிடைப்பதில்லை.

உயரத்தால் கவிழும் அபாயமும் கூடும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,400 மி.மீ., சுமையோடு எடைமையம் தரையிலிருந்து 1,000 மி.மீ. என வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 35 பாகை சாய்ந்தால் வண்டி கவிழும். எடைமையம் 70 மி.மீ. உயர்ந்தால் 33 பாகையிலேயே கவிழும். நூல் மூட்டை கனமானது, தாழ்வாகக் கிடக்கும். வாழையிலைக் கட்டும் பூக்கூடையும் தொட்டிக்கு மேல் உயர்ந்து நிற்பவை. ஆகவே இவ்விஷயத்தில் விளைவிப்போர் சங்கத்தார் அதிக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இங்கே உரிமையாளர் சங்கம். விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றத்தைத்தான். தளர்ந்த பட்டையைப் பழைய அளவுக்குப் புதுப்பித்தல் பழுதுபார்த்தலே. அதற்கு இத்தடை இல்லை. டயரிலும், அதே மாடலுக்கு உற்பத்தியாளர் தம் கைப்புத்தகத்தில் குறித்த அளவுகளுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அகலத்தைவிடப் பாரக்குறியீடே கவனிக்கற்பாலது. 100 என்று பொறித்த டயர் 800 கிலோவும், 105 என்றது 925 கிலோவும், 110 என்றது 1,060 கிலோவும் தாங்கும். கார் டயரும் சரக்கு வண்டி டயரும் ஒரே அளவில் கிடைக்கலாம். மலிவைக் கண்டு முன்னதை வாங்கிவிடக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் நெடுங்காலம் கிடந்த டயரைக் கழிவு விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

டயர் அளவு மாறினால் கணக்கும் மாறும். ஒரு சங்கத்தின் ஆய்வின்போது, ஓட்டுநரிடமிருந்து டீசல் தொகையைப் பிடித்தம் செய்வதென்ற தீர்மானம் என் பார்வைக்கு வந்தது. மாதம் 150 லிட்டர் ஊற்றி 1,800 கிலோமீட்டர் ஓடிய வண்டி, அதே தடங்களில் 1,726 கிலோமீட்டரே ஓடியதாகப் பதிவேடு காட்டியது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்ற கணக்கில் மாதம் 6 லிட்டர் காணவில்லை. அம்மாதத் தொடக்கத்தில்தான் 215 டயரை எடுத்துவிட்டு 235 போட்டிருந்தார்கள். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் நூற்றுக்கு 4.3 பங்கு அதிக தூரம் செல்கிறது. மீட்டரோ சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டச் செய்தோம். மீட்டர் 9.6 காட்டிற்று. டீசல் எங்கும் போய்விடவில்லை. தீர்மானம் ரத்தாயிற்று. வேகம் காட்டும் முள்ளுக்கும் இதே குறை உண்டு. அது 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடுகிறது.

ஆதலின் டயர் மாற்றிய அன்றே அதன் அளவு, பாரக்குறியீடு, நான்கு இலக்கம், மாற்றியபோது மீட்டரில் இருந்த எண் ஆகியவற்றை வண்டிப் பதிவேட்டில் எழுதி, கிலோமீட்டர் கல்லைக் கொண்டு கண்ட திருத்தத்தையும் அதனருகே குறித்துச் செயலாளர் கையொப்பமிட வேண்டும். பட்டை வேலை செய்திருந்தால், 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் செய்து, அத்தேதியையும் அதே பக்கத்தில் பதிய வேண்டும்.