மண்சரிவின் பின் வகுப்பறை

மாணவர்களே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மாத்தளை மாவட்டத்திலும் வெள்ளம், மண்சரிவு ஏற்பட்டன. நடைபெற்றுக்கொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டது.

இத்தகைய அனர்த்தத்தின் பின் பாடசாலைக்குத் திரும்பும் நண்பன் மழைச் சத்தத்துக்கே திடுக்கிடலாம். பாடத்தில் கவனமின்றி இருக்கலாம். சிறு விடயத்துக்கும் சினக்கலாம். இது சோம்பலன்று, அதிர்ச்சிக்கான இயல்பான துலங்கலே. "அழாதே, மறந்துவிடு" என்னாதீர்கள். (நல்லெண்ணத்தில்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறோம்.) அருகில் அமருங்கள். பேசினால் செவிமடுங்கள்; பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நனைந்துபோன கொப்பிகளுக்குப் பதிலாக உங்கள் குறிப்புகளைக் கொடுக்கலாம்.

வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தால், அவனிடம் கூறிவிட்டே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு அறிவியுங்கள். தேசிய உளநல உதவிச் சேவையின் தொலைபேசி இலக்கம் 1926.

மீட்டல் வினா: மழை தொடங்கியதும் எழுதுவதை நிறுத்திவிடும் சக மாணவனுக்கு நீர் செய்யக்கூடிய இரு உதவிகளைக் குறிப்பிடுக.