காருக்குள் பாடகர் எங்கே உட்காருகிறார்?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையைத் தாண்டி உள்ளே போனால் நவராத்திரி மண்டபம். சுவாதித் திருநாளின் நவராத்திரி கிருதிகளை ஒன்பது மாலைகளில் பாடுகிற அந்த மண்டபத்தின் கூரையில், ஒலிக்காகவே மண்பானைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இசை கேட்கும் இடத்துக்கு அவ்வளவு அக்கறை காட்டிய ஊரில், காருக்குள் மட்டும் ஏன் வாட் கணக்கை நம்புகிறோம்?

நம்பிக்கை: ஸ்பீக்கர் கூடக்கூட இசை தெளியும்.

அப்படியில்லை. கச்சேரியில் பாடகர் நடுவில். நமக்கு வலப்புறம் வயலின், இடப்புறம் மிருதங்கம். (மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதால் அவர் வாசித்தபோது பக்கம் மாறியது.) நல்ல ஸ்டீரியோ பதிவில் இந்த இடங்கள் காதுக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்புறத்து இரண்டு பக்க ஸ்பீக்கர்களும் ஒழுங்காக இருந்தாலே போதும். பின் ஸ்பீக்கர்களை உரக்க வைத்தால் கச்சேரி முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஃபேடரை முன்பக்கம் தள்ளுங்கள்.

நம்பிக்கை: பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.

முழுதாக வராது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலக் கதவு ஸ்பீக்கர் அவர் காதிலிருந்து 90 சென்டிமீட்டர், இடக் கதவு ஸ்பீக்கர் 130 என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே இடப்பக்க ஒலி ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிந்தி வருகிறது. இவ்வளவு சிறிய தாமதமே காதுக்குப் போதும். முந்தி வந்த ஒலியின் திசையையே அது நம்பும். பிந்தியது கொஞ்சம் உரத்திருந்தாலும் அந்த நம்பிக்கை எளிதில் மாறாது. 1949இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் செய்த ஆய்வால் இந்த இயல்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பாடகர் வலக் கதவுக்குள் ஒடுங்கிக் கிடப்பது இதனால்தான்.

இதற்கு மருந்தும் நேரத்தில்தான் இருக்கிறது. டெக்கில் ‘டைம் அலைன்மென்ட்’ இருந்தால், டேப் எடுத்துத் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரத்தை அளந்து கொடுங்கள். கிட்டே இருப்பதை அது சற்றுத் தாமதப்படுத்தும். மேற்சொன்ன கணக்குக்கு ஏறக்குறைய 1.2 மில்லி விநாடி. முதலில் இதைச் செய்யுங்கள். பேலன்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: ட்வீட்டரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

இல்லை. கதவின் அடியில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் மட்டும் ஒலித்தால் கச்சேரி காலடியில் நடப்பதுபோல இருக்கும். கண்ணாடி மூலையில் வைத்த ட்வீட்டர்தான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் முன்கண்ணாடியை ஒட்டி, அதைப் பார்த்தபடி வைத்தால் நேரொலியோடு எதிரொலியும் கலந்து வயலின் கீச்சிடும்.

சப்வூஃபர் டிக்கியில் இருந்தால் பாதகமில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தப் பக்கம் என்று காதால் கண்டுபிடிப்பது கடினம்.

பணம் செலவழிக்கும் முன் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருந்தால் குரல் நடுவில் நிற்காமல் சிதறும், பேஸ் மெலியும். பழைய மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டால் தெரிந்துவிடும்: குரல் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும்.

ஓட்டுபவருக்காகச் செய்த கணக்கு பக்கத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது. அவருக்கு இசை இன்னும் ஒருபக்கமாகச் சாயும். குடும்பத்தோடு போகும் நாளுக்குத் தாமதம் இல்லாத அமைப்பு ஒன்றையும் டெக்கில் சேமித்து வைப்பது நல்லது.