ஓரம் பொருந்தினால் துணி பிழைக்கும்

1863-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி கண்டுபிடித்த ஷிஃப்லி எம்ப்ராய்டரி மெஷினில் ஊசிக்கு ஊசி ஒரு பிரெஞ்சு அங்குலம், அதாவது சுமார் 27 மி.மீ. இடைவெளி. ஒன்றுவிட்டு ஒரு ஊசியைக் கழற்றினால் 54. டிசைனின் ரிப்பீட் அகலம் இந்தக் கணக்கில்தான் அமையணும்.

54 மி.மீ. டிசைனை ஆறு மடங்காக, 324 மி.மீ. அகலத்தில் வரையுங்கள். வலது ஓரத்தில் அறுபடும் கொடி, இடது ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்க வேண்டும். சரிபார்க்க, நகல் தாளை நடுவில் செங்குத்தாக வெட்டி, பாதிகளை இடம் மாற்றி வையுங்கள். ஓரங்கள் நடுவே வந்துவிடும். பிசகு உடனே தெரியும்.

படத்தில் 3 மி.மீ., துணியில் அரை மி.மீ. தானே என்று விட்டுடாதீங்க! 5.4 மீட்டர் பார்டரில் 100 ரிப்பீட். ஒவ்வொரு இணைப்பிலும் அதே பிசகு வரும். பென்சில் கோட்டை அழிக்கலாம். தையலைப் பிரித்தால் துணியில் ஓட்டைதான் மிஞ்சும்.