வலியும் மனமும்

நுழையும்முன்

காயத்திலிருந்து வழியும் குருதியைக் கண்டால் ஓடிவந்து உதவும் உலகம், கண்ணுக்குப் புலப்படாத வலியை எளிதில் நம்புவதில்லை. நம்பப்படாத வலி மனத்தை என்ன செய்கிறது என்பதையும், அம்மனத்தின் வழியாகவே வலியைத் தணிக்க முயலும் மருத்துவ முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். காய்ச்சல் நீங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆயினும் விடியற்காலையில் கணுக்காலும் மணிக்கட்டும் விறைத்துக்கொள்கின்றன. கூடையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே படத்தில் குறையேதும் இல்லை. "ஒன்றுமில்லையென்று டாக்டரே சொல்லிவிட்டாரே!" என்கின்றனர் வீட்டார். அச்சொல்லே அவருக்கு இரண்டாவது நோயாகிறது.

இத்தகைய நிலை இவ்வூருக்குப் புதிதன்று. 2006ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பரவிய சிக்குன்குனியா, புதுச்சேரியையும் விட்டுவைக்கவில்லை. 1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோயின் பெயர், அங்குள்ள மக்கோண்டே மொழியில் உடல் வளைந்துபோவதைக் குறிப்பதாகும். காய்ச்சல் சில நாள்களில் தணியும். மூட்டுவலியோ சிலரிடம் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் தங்கிவிடும். மூன்று மாதங்களுக்குமேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்பர். முதுகுவலி, மூட்டுவாதம், நீரிழிவால் வரும் நரம்புவலி ஆகியனவும் இவ்வாறு நீடிக்கக்கூடியவை.

வலி என்பது உடலின் செய்தி மட்டும்தானா? 1965இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 'வாயிற்கதவுக் கோட்பாட்டை' வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு; வலிச் செய்தி அதன் வழியே மூளைக்குச் செல்கிறது; மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அக்கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும் என்றனர். அச்சமும் கவலையும் வலியை மிகுவிப்பதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், கையை இழந்தோர் இல்லாத அக்கையில் உணரும் வலியை ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் மற்றொரு கையின் உருவத்தைக் காட்டியே சிலருக்கு அவ்வலியைத் தணித்தார். கையே இல்லாதபோதும் வலி பொய்யன்று என்பது இங்கே கருதத்தக்கது.

வலியுடையவர் அசையவே அஞ்சுகிறார். அசையாமையால் தசை நலிகிறது. நலிந்த தசை மேலும் வலிக்கிறது. வேலை, உறவு, உறக்கம் ஒவ்வொன்றாகக் குறைய, மனச்சோர்வு வந்து சேர்கிறது. இச்சுழலை உடைக்க முனைவதே அறிதல் நடத்தைச் சிகிச்சை. இதில் "இனி என்னால் எதுவுமே முடியாது" என்னும் எண்ணத்தை எழுதி, அது முழு உண்மைதானா என நோயாளியே ஆராய்கிறார். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் படுத்துவிடும் பழக்கத்தை மாற்றி, நாள்தோறும் சிறு அளவில், இடையிடையே ஓய்வுடன் உழைக்கக் கற்கிறார். மூச்சுப் பயிற்சியும் உறக்க ஒழுங்கும் உடன் வரும். கேட்பதற்கு எளிது; வாரக்கணக்கில் விடாமல் செய்வதுதான் கடினம்.

இப்பயிற்சிக்கு வாரந்தோறும் மருத்துவமனை செல்ல, மூட்டுவலியுடையவரால் இயலுமா? நெல்லித்தோப்பிலிருந்து கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் நெடுந்தொலைவன்று. எனினும் பேருந்துப் படியேறுவதே சிலருக்குப் பெரும்பாடு. ஒரு நாள் கூலியும் போய்விடும். ஆகவே, அதே பயிற்சிகளைக் கைப்பேசி வழியே பாடங்களாகவும் காணொலி உரையாடலாகவும் வழங்கும் முறை பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. வலியும் முடக்கமும் ஓரளவே குறைகின்றன; அற்புதம் ஏதும் நிகழ்வதில்லை. ஆயினும் மருந்தால் தீராத வலியில் அச்சிறு குறைவும் பெரிதே. ஆற்றுநர் ஒருவர் இடையிடையே பேசி ஊக்குவித்தால் பயிற்சியைத் தொடர்வது எளிதாகும்.

இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், தொலைவிலிருந்தே மருத்துவம் பார்ப்பதற்குத் தெளிவான வரையறை தந்தன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை பெறலாம். இது வலிக்கென அமைந்த சிகிச்சையன்று. வலியோடு வரும் மனச்சோர்வைப் பகிர ஒரு வாயில். புதிதாகத் தோன்றும் கடும் வலிக்கும், கைகால் மரத்துப்போவதற்கும் மருத்துவரை நேரில் காண்பதே முறை.

இன்னொரு தடையும் உண்டு. ஒற்றை அறை வீட்டில், குடும்பம் முழுவதற்கும் ஒரே கைப்பேசி இருக்குமாயின், "என் வலியை யாரும் நம்பவில்லை" என்று அம்மீன் விற்கும் பெண்மணி எங்கே அமர்ந்து சொல்வார்? அரை மணி நேரம் கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளித்திண்ணையில் போய் அமர, அவ்வீட்டில் ஒருவர் வேண்டும்.