ஸ்பீக்கர் மக்கர்: வீட்டிலா, கடையிலா, புதிதா?

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் திடீரென ஊமையாகிவிட்டால், ஸ்குரூடிரைவரைத் தேடுவதற்கு முன் ஒரு செல்போனைத் தேடுவது நல்லது. ஸ்பீக்கரின் 3.5 மி.மீ. பின்னை அதில் செருகிப் பாட்டு போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். போனில் ஒழுங்காகப் பாடினால் கோளாறு கம்ப்யூட்டரில். ஒலி மானிட்டருக்குப் போகும்படி செட்டிங் மாறியிருக்கும். அல்லது டிரைவர் பழுதாகியிருக்கும். இதற்குச் செலவே இல்லை.

போனிலும் மக்கர் செய்தால், அது எழுப்பும் சத்தத்தை வைத்தே வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், குமிழுக்குள் தூசியும் களிம்பும் சேர்ந்திருக்கின்றன. மின் இணைப்பை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகும். வயரை ஆட்டினால் வந்துவந்து போகும் சத்தம், பின் அருகே கம்பி அறுந்ததற்கு அடையாளம். புதுப் பின் வைத்துப் பற்றவைத்தால் போதும். இவை இரண்டும் வீட்டு வேலைகள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் கொஞ்சம் சிக்கலானது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், எர்த் வழியாக வரும் தொல்லை. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கி மாட்டலாம். பின்னைப் பிடுங்கி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் இரைந்தால், உள்ளே கெபாசிட்டர் தலை உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றும்போது, பழையதில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்றிருந்தால் புதியதிலும் அதே மைக்ரோஃபாரட்தான் வேண்டும். வோல்ட் 35 ஆக இருக்கலாம், 16 ஆகக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

இங்கேதான் எல்லைக்கோடு. யுஎஸ்பியில் ஓடும் 5 வோல்ட் ஸ்பீக்கரைப் பற்றவைக்கத் தெரிந்தவர் துணிந்து திறக்கலாம். 230 வோல்ட் நேராகப் பெட்டிக்குள் போகும் ஊஃபர் வகை கடைக்குப் போகட்டும். சில பெட்டிகளுக்குள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ஃபியூஸ் போனால் கம்பி சுற்றி ஒப்பேற்றுவது தீயை விலைக்கு வாங்குவது.

கூம்பு கிழிந்தாலோ, மல்டிமீட்டர் காயிலில் ஓம் எதுவும் காட்டாவிட்டாலோ, பெரிய ஊஃபருக்கு அதே அளவு, அதே ஓம், அதே வாட் உள்ள ஸ்பீக்கரைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடலாம். சின்ன யுஎஸ்பி ஜோடியில் போர்டு போய்விட்டால் புதிது வாங்குவதே மலிவு. பேட்டரி உப்பிய புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் திறக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.