உப்புப் பொட்டலத்தின் மரியாதை

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவர் தின விழாவில் கேடயம் வேறொருவர் கைக்குப் போனதை எழுதியிருந்தாய். வயிற்றுப்போக்கு வார்டில் மூன்று மாதம் இரவுப்பணி பார்த்தவன் நீ, வருத்தம் நியாயம்தான். அந்த வார்டு மேசையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடக்குமே, அதன் கதையைக் கேள்.

1971. வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலநபிஸ் போனபோது நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற முடிந்தது. அதுவும் தீரப்போகிற நிலை. குளுக்கோஸ் சேர்ந்தால் காலராவிலும் குடல் உப்பை உறிஞ்சும், பின்னாலேயே நீரும் போகும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கலந்து டிரம்களில் நிரப்பி, டம்ளரை உறவினர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

இன்று என்னால் இதை எண்ணாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த அமளியிலும் அவர் கணக்கு வைத்திருந்ததால்தான். 1973-ல் கட்டுரையாக வெளியிட்டார். பத்ம விபூஷண் 2023-ல் அறிவிக்கப்பட்டபோது அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. காலரா நச்சை 1959-ல் முயல் குடலில் காட்டிய கொல்கத்தாவின் சம்புநாத் டேக்கு, உயிரோடிருந்தவரை நாட்டின் பெரிய விருது எதுவும் வரவில்லை.

விருதை வெறுக்கச் சொல்லவில்லை. ஒருநாள் நீயும் தேர்வுக்குழுவில் உட்காருவாய். அன்று, மூச்சிருக்கும்போதே ஆளைத் தேடிப் போ. அதுவரை மரியாதை செய்ய வேறு வழி உண்டு. பயிற்சி மருத்துவனாக இருந்தபோது நான் ஒரு தாயிடம், “கரைச்சுக் குடும்மா” என்று பொட்டலத்தை மேசைமேல் தள்ளிவிட்டேன். மறுநாள் வந்தாள். ஒரே டம்ளர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டியிருக்கிறாள். கரிப்பு தாங்காமல் குழந்தை துப்பிவிட்டது. துப்பியது நல்லதாயிற்று, குடித்திருந்தால் ஆபத்து. பிழை அவளுடையதல்ல, என்னுடையது. மகலநபிஸ் தாய்மாரை நம்பிக் கொடுத்ததை நான் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை.

நாளை இரவு மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை வை. தாயையே கலக்கச் சொல்லிப் பார். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்