பட்டாசு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளுக்கு

விருதுநகர்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உனக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்ததையும், அறிவியலும் சமூக அறிவியலும் உன் பொறுப்பில் வருவதையும் உன் அம்மா போனில் சொன்னாள். மனசு நிறைந்தது. பாடக் குறிப்பேடு எல்லாம் எழுதி முடித்துவிட்டாயாம். அதை மாற்றச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த ஊர்களும் சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில்தான் என்பதால், அந்தக் குறிப்பேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சில விஷயங்களை எழுதுகிறேன்.

உன் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் அம்மாவோ அப்பாவோ பயர் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். அறிவியலையும் குடிமையியலையும் பண்டிகையையும் புத்தகம் தனித்தனிப் பக்கங்களில் வைத்திருக்கிறது. அந்த ஊரில் மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. நீ அந்த வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

உராய்வுப் பாடத்தையே எடுத்துக்கொள். சைக்கிள் டயர், வழுக்கும் தரை என்று புத்தகத்தில் உதாரணம் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு உராய்வு செய்தித்தாளில் அறிமுகமானது. ஆலை விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் "மருந்தில் ஏற்பட்ட உராய்வு காரணமாக" என்று ஒரு வரி வரும். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உராய்ந்தால் ஏன் வெடிக்கிறது என்று கேள். யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டு. உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும் சுடர் அணையும். பட்டாசு மருந்தை அப்படி மூடி அணைக்க முடியாது. எரியக்கூடிய கந்தகமும் அலுமினியத் தூளும் அதில் இருக்கின்றன. எரியத் தேவையான ஆக்சிஜனையும் நைட்ரேட் உப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. குறைவது கொஞ்சம் சூடு மட்டுமே. அதை ஓர் இரும்புக் கரண்டியின் உரசல் கொடுத்துவிடும்.

அடுத்து, உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டு. அதே நிலைமின்சாரம் மருந்து அறைக்குள் பொறியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, வீட்டில் கேட்டு வரச் சில கேள்விகள் கொடு. மருந்து அறையில் ஏன் ரப்பர் விரிப்பு? ஏன் நைலான் சேலை கூடாது, நூல் சேலைதான் கட்ட வேண்டும்? ஏன் மரக்கருவியும் பித்தளைக் கருவியும்? காலையில் கலந்த மருந்தில் மிச்சத்தை ஏன் மறுநாளைக்கு வைக்கக் கூடாது? கடைசிக் கேள்விக்கு நீயே பதில் சொல்லும்படி ஆகலாம். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், யாரும் தொடாமலே அது மெல்ல மெல்லச் சூடேறும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை ராத்திரி சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லும். அம்மாவுக்கு அது ஃபோர்மேன் போடும் உத்தரவாக மட்டும் தெரிந்திருக்கும். காரணத்தோடு கேட்பது அன்றைக்குத்தான்.

வண்ணம் பற்றியும் கேட்பார்கள். சாப்பாட்டு உப்பைச் சுடரில் தூவினால் மஞ்சள் எரியும், அதைச் செய்து காட்டு. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம் என்று சொல்லால் மட்டும் சொல். இன்னொன்று, முக்கியம். டீச்சருக்குக் காட்டும் ஆசையில் ஏதாவது ஒரு பையன் வீட்டிலிருந்து மருந்தோ திரியோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவான். பள்ளி வாசலுக்குள் ஒரு சிட்டிகைகூட வரக்கூடாது என்பதை முதல் நாளே எல்லா வகுப்பிலும் சொல்லிவிடு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வேலை முடித்து நேரே வரும் தாய்மார்களின் கையைப் பார்த்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணிலும் ரேகையிலும் வெள்ளிச் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கையைப் பற்றி வகுப்பில் யாரும் கூசும்படி ஒரு சொல் வரக்கூடாது. தீபாவளிக்கு முன்னால், "பட்டாசு வெடிக்க மாட்டோம்" என்று பிள்ளைகளைக் கை நீட்டி உறுதிமொழி சொல்ல வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்த வருஷத்து நோட்டும் செருப்பும் பட்டாசுக் கூலியில் வாங்கிய பிள்ளை எந்த மனதோடு அதைச் சொல்லும்? உறுதிமொழிக்குப் பதிலாகப் பட்டாசு வழக்கையே சொல்லிக் கொடு. அந்த வழக்கு குடிமையியல் பாடத்தையே ஒரு வாரம் தாங்கும்.

2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். பட்டாசுப் புகை எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது, நல்ல காற்று எங்கள் உரிமை என்பது வாதம். 2018 அக்டோபர் 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. முழுத் தடை இல்லை; ஆனால் மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரவு எட்டிலிருந்து பத்து வரைதான் வெடிக்கலாம் என்றது. நமக்குத் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை அல்லவா? தமிழ்நாடு அரசு நீதிமன்றம் போய்க் காலையிலும் நேரம் கேட்டது. இரண்டு மணி நேரத்தைக் கூட்ட முடியாது, எந்த இரண்டு மணி என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று இப்போது நாம் கேட்பது அப்படி வந்ததுதான். டெல்லிக் குழந்தையின் மூச்சும் சிவகாசிக் குழந்தையின் சோறும் ஒரே நீதிமன்றத்தின் முன்னால் நின்றன. சரவெடி பின்னியவர்கள் வேலை இழந்ததையும் சொல், டெல்லியின் காற்றையும் சொல். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடு. பாதி நேரம் கழித்துப் பக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல். தீர்ப்பு நீ சொல்லாதே.

அதே உச்ச நீதிமன்றம் 1996இல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவே ஒரு தீர்ப்புத் தந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் சிறுவர்கள் வேலை பார்ப்பது பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு அது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. விடியும் முன்னால் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன வண்டிகளை நான் கண்ணால் கண்டவள். அந்தச் சத்தம் இன்று நின்றிருப்பது தானாக நடந்ததில்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தான தொழிலில் பதினெட்டு வயது வரை யாரையும் சேர்க்கக் கூடாது. வீட்டுத் தொழில் என்ற சலுகையும் பட்டாசுக்குச் செல்லாது. கோடை விடுமுறை தொடங்கும் முன் எட்டாம் வகுப்புக்கு இதை ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடு. அந்த இரண்டு மாதத்தில் கைக்காசு பார்த்த பையன் ஜூனில் திரும்பாமல் போவது உண்டு.

ஓர் எச்சரிக்கை. பட்டாசு ஆலையின் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உரிமம் பெற்றவரே ஆலையை நடத்த வேண்டும், அறை அறையாக உள்குத்தகைக்கு விடக் கூடாது. விதியையும் அது உயிரைக் காக்கும் விதத்தையும் சொல்லிக் கொடு. "உங்க அம்மா ரூமில் எத்தனை பேர்?" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்டுவிடாதே. அந்தப் பதில் ஊருக்குள் போனால் அம்மாவின் வேலை போய்விடும்.

விடுமுறைப் பாடத்துக்குத் தினசரி காலண்டர் ஒன்றை வகுப்புச் சுவரில் மாட்டு. நாடு முழுக்கத் தொங்கும் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் புதுவருட மாதிரி ஆல்பம் வெளியிட்டுப் பூஜை போடுவார்கள். ஆனாலும் தேதித்தாள் வேலை முழுசாக ஓட, அரசின் விடுமுறைப் பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். சிவப்பில் அச்சாகும் நாளை யார் முடிவு செய்கிறார்கள் என்று அங்கிருந்து ஆரம்பி. பொது விடுமுறையை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அரசு அறிவிக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் ஆடிக் கடைசி வெள்ளிக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்கோ கலெக்டர் விடுவது உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமை ஏன் என்று கேட்காத பிள்ளை கிடையாது, பதில் தெரிந்த பிள்ளையும் குறைவு.

பிறகு வீட்டுக்கு வா. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள் என்று தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1958ஆம் வருடச் சட்டம். உங்கள் வீட்டில் லீவு என்றால் கூலி உண்டா, இல்லையா? பெரும்பாலும் பீஸ் ரேட் வேலை; போனால்தான் காசு. பிள்ளைகள் இதை வீட்டில் பேசட்டும். ஊரெல்லாம் கொண்டாடும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் அவர்களின் அம்மா இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள் என்பதையும் ஒரு கட்டுரையாக எழுதச் சொல். நான் எழுதச் சொன்னபோது, வேறு எந்தத் தலைப்புக்கும் எழுதாத பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதினார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடாதே. அன்றுதான் கிராம சபை. பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வை. ஓட்டு இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. கணக்கு வாசிக்கும்போது யார் எழுந்து கேள்வி கேட்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

ஜூலை உனக்கு நல்ல மாதம். 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். 18ஆம் தேதி தமிழ்நாடு நாள். காமராசரைப் பேச்சுப் போட்டிக்குள் அடைத்துவிடாதே. அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, ஊர் மக்கள் மகமை என்ற பொதுநிதியும் வீடுவீடாகச் சேர்த்த பிடியரிசியும் கொடுத்து வளர்த்த பள்ளி. அந்தப் பிடியரிசிக்கும் அவர் கொண்டுவந்த மதிய உணவுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அவர் முதலமைச்சராக இருந்த 1956இல், அவருடைய ஊரான இதே விருதுநகரின் தேசபந்து மைதானத்தில், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லிச் சங்கரலிங்கனார் ஜூலை 27 முதல் பட்டினி கிடந்தார். அக்டோபர் 13 அன்று உயிர் விட்டார். பெயருக்கான தீர்மானம் 1967 ஜூலை 18இல் நிறைவேறியது. இருவரையும் சேர்த்தே சொல். மதிக்கும் தலைவரிடமும் கோரிக்கை வைக்கலாம் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று, எழுதவே கை தயங்குகிறது. பாடம் நடக்கும்போது ஒரு நாள் சத்தம் கேட்கும். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஜன்னலுக்குப் போவார்கள், புகை எந்தத் திசையில் என்று பார்க்க. அவர்களை அதட்டி உட்கார வைக்காதே. ஆனால் ஒருவரையும் வாசலைத் தாண்ட விடாதே. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிப்போனவர்கள். புகையை நோக்கி ஓடக்கூடாது என்பதை ஜூன் மாதத்திலேயே சொல்லிப் பழக்கு. எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் எந்த ஆலைக்குப் போகிறார்கள், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டுப் போட்டு உன் பையில் வை. சொந்தக்காரர் வந்து கைபிடித்துக் கூட்டிப்போகும் வரை பிள்ளை உன்னோடு இருக்கட்டும்.

விபத்தில் ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போ. மூத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு அந்த வாரத்தில்தான் எழும். சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளிப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டம் பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்து, முதல் கட்டமாக ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கினார். அதைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை, வாரிசுச் சான்று, பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகலை நீயே கூட இருந்து எடுத்துக் கொடு. படிவத்தையும் நீயே நிரப்பு. அந்த வீட்டில் அப்போது யாருக்கும் எழுத வராது.

உன் பெரியம்மா